முதல் பாலறுகு

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
3 நவம்பர் 2024

தங்கச்சி தாட்சாயினிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ என்னை மறித்து வைத்திருக்கிறாய் என்று றஜிந்தன்தான் கண்டுபிடித்தான். "அம்மா, சித்தி உங்களை புளொக் பண்ணிப்போட்டா, ஈமெயில் போட்டுப் பாருங்கோ" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறான், நான் பெற்ற மகன். கூடப் பிறந்தவளுக்கு ஈமெயில் எழுதுகிற காலமும் வந்துவிட்டது.

இரண்டு தெரு தள்ளி இருக்கிறாய். ஓமானுக்கு மகளிடம் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? உன் வீட்டு வாசலில் சேர்ந்து கிடந்த விளம்பரக் கடதாசிகளைப் பார்த்துத்தான் ஆள் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. உன் அத்தான் அதையெல்லாம் பொறுக்கி, இலை குப்பையையும் கூட்டிவிட்டு வந்தார்.

மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஆரணியின் கலியாணத்தில் தகப்பன் இல்லாத குறை தெரியாமல் மணவறையில் இருந்து தாரை வார்த்துக் கொடுத்தது நானும் அத்தானும். முறைப்படி மஸ்கட்டுக்கு எங்களைத்தான் அவள் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். "பெரியப்பா, வாங்கோ, மலை கடல் எல்லாம் காரிலயே சுத்திக் காட்டுறன்" என்று கலியாண வீட்டிலேயே மாப்பிள்ளை வினோஜன் சொன்னவன். அதை நம்பி அந்த ஊர் வீடியோ எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். இப்போது காரின் முன் சீற்றில் நீ இருக்கிறாய்.

சரி, விடு. றஜிந்தனின் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. தை மாதத்துக் கடைசி ஞாயிறு. எனக்குப் பெண்பிள்ளை இல்லை. அவனுக்குச் சகோதரி முறையில் ஆரணி ஒருத்திதான். தோழியாக நின்று, பெண்ணுக்குக் கூறைச்சீலை உடுத்தி மணவறைக்குக் கூட்டி வரவேண்டியவள் அவள். என் மெசேஜுக்கு "பாப்பம் பெரியம்மா" என்று பதில் போட்டிருக்கிறாள். கலியாணத்துக்கு வருகிற சனம் முதலில் கேட்கப்போவது "தோழி ஆர்?" என்றுதான். சொந்தத் தங்கச்சியின் மகள் நிற்காவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? நீ ஒரு சொல் சொல்லு.

வரும்போது நல்ல சாம்பிராணி கொண்டு வா. அங்கேதான் விளைகிறதாம்.

சிவாஜினி அக்கா


நிஸ்வா, ஓமான்
8 நவம்பர் 2024

அக்காவுக்கு,

வாசல் கூட்டிய அத்தானுக்கு நன்றி. அவருக்கு மட்டும்.

நீங்கள் ஆசைப்பட்ட பயணம் என்றபடியால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். ஆறுதலாக வாசித்து வயிறெரியுங்கள். மஸ்கட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து இரண்டு பக்கமும் மலை. மரம் செடி என்று ஒன்றும் இல்லை, வெறும் கல். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நிஸ்வாவில் வெள்ளிக்கிழமைக் காலையில் ஆட்டுச் சந்தை. வெள்ளை அங்கி போட்ட கிழவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடக்க, சுற்றி நிற்பவர்கள் விலை கேட்டுக் கத்துகிறார்கள். பக்கத்து மலையாளியின் கடையில் பரோட்டாவும் ஏலக்காய்த் தேத்தண்ணியும். டவுன்டவுன் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்று சலாட் வெட்டுகிற எனக்கு ஒருத்தர் சாப்பாடு கொண்டுவந்து வைப்பதே பெரிய புழுகமும் சந்தோஷமும்.

முன் சீற்றில்தான் இருக்கிறேன். ஆனால் வினோஜனோடு கதைப்பது குறைவு. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நான் தனியே இருந்து தாரை வார்க்கலாம் என்று ஐயர் சம்மதித்திருந்தார். ஆரணியும் அதைத்தான் கேட்டாள். கலியாணத்தன்று காலையில் நீங்கள் வந்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு விருப்பமில்லையாம், வினோஜனும் ஆரணியும் ஓம் எண்டிட்டினம்" என்றீர்கள். சாப்பாட்டு மண்டப வாசலில் நின்று, பரிமாற வந்த பெடியன்களின் தோளுக்கு மேலால் என் மகளின் கலியாணத்தைப் பார்த்தேன்.

அவர்களை மன்னித்துவிட்டேன், பிள்ளைகள். உங்களைத்தான் முடியவில்லை. "தங்கச்சி இருக்காத இடத்தில நான் இருக்கமாட்டன்" என்று ஒரு சொல் உங்கள் வாயில் வரவில்லையே. அது போதாதென்று, தாரை வார்க்கிற படத்தை வாட்ஸ்அப்பில் உங்கள் முகப்படமாக வைத்தீர்கள். அன்றைக்குத்தான் மறித்தேன்.

தோழியாக நிற்பது ஆரணியின் விருப்பம். நாளைக்கு ஜெபல் அக்தர் ஏறுகிறோம். பச்சை மலை என்று அர்த்தமாம்.

தாட்சாயினி


ரொக்ஸ்பரோ
9 நவம்பர் 2024

தாட்சா,

விசர் வேலை பார்க்காதே. அந்த மலை றோட்டை வீடியோவில் பார்த்திருக்கிறேன், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். கடற்கரைப் பக்கம் போங்கள்.

இன்னொன்று. நடந்தது நடந்துவிட்டது. வினோஜனிடம் அந்தக் கதையை எடுத்துவிடாதே. சம்பந்தி வீட்டாரோடு வீணாக மனக்கசப்பு வரும். ஊரைப் பார்த்தோமா, வந்தோமா என்று இரு.

அக்கா


ஜெபல் அக்தர்
10 நவம்பர் 2024

சிவாஜினிக்கு,

இனி அக்காவும் இல்லை, நீங்களும் இல்லை.

உன் ஈமெயிலை நான் பார்க்க முதலே கதை வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, வினோஜன்தான் எடுத்தான். மலையடியில் பொலிஸ் மறித்து, நாலு சில்லும் இழுக்கிற வண்டியா என்று பார்த்துத்தான் மேலே விடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரே ஏற்றம். இறங்கி வருகிற வண்டிகளுக்கு பிரேக் விட்டுவிட்டால் ஏறி நிற்பதற்கென்று பக்கத்தில் மண் மேடுகள் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு நான் கதவுப் பிடியை விடவில்லை. எனக்குப் பயம் தெளிவிக்கத்தான் அந்தப் பிள்ளை கதை கொடுத்தான்.

"மாமி, கோவிக்காட்டி ஒண்டு கேக்கட்டே? கலியாணத்தண்டு நீங்கள் ஏன் மணவறைக்கு வரேல்லை? என்ர அம்மா உங்களுக்கெண்டு தனியா மாலை கட்டுவிச்சுக்கொண்டு வந்தவ."

"உங்கட ஆக்கள்தானே தம்பி வேண்டாம் எண்டவை."

"எங்கட ஆக்களோ? ஆர் சொன்னது?"

பின் சீற்றிலிருந்து ஆரணி எழும்பி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டினாள். "அம்மா, நீங்கள்தானே மாட்டன் எண்டனீங்கள்? உங்களுக்கு மனம் வரேல்லையாம், பெரியப்பாவையும் தன்னையும் இருக்கச் சொல்லி நீங்கள் கெஞ்சினதாம் எண்டு பெரியம்மா சொன்னவ."

வினோஜன் வண்டியை ஓரம் கட்டினான். கீழே படி படியாக மாதுளந் தோட்டம். ஆரணி கதவைத் திறந்து இறங்கி, றோட்டுக் கரையில் குந்தி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபத்தில் எனக்கு அழுகை வராது, அது உனக்குத் தெரியும்.

என்னிடம் ஒன்று, அவளிடம் ஒன்று சொல்லியிருக்கிறாய். அம்மா வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டா என்று அவள் நினைத்தாள். பெற்ற மகள் என்னை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் ரோசக்காரிகள், கேட்கமாட்டோம் என்று உனக்குத் தெரியும். வேலை கிடைத்த சாட்டில் அவள் இவ்வளவு தூரம் ஓடி வந்ததும் அதனால்தானாம். நேற்று இரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள். ஒன்றரை வருஷம் என் பிள்ளையை எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டு, ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் என் பக்கத்தில் நின்று திருநீறு வாங்கியிருக்கிறாய்.

இங்கே நல்ல குளிர். மாதுளை இனிப்பு. மலை விளிம்பில் நின்றால் கீழே ஊர்கள் தெரியும். இதையெல்லாம் பார்க்கிற நேரமெல்லாம் உன்னை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன். உன்னை நான் சும்மா விடப்போவதில்லை.

தாட்சாயினி


ரொக்ஸ்பரோ
13 நவம்பர் 2024

தாட்சா,

மூன்று தரம் எழுதி அழித்துவிட்டேன். அத்தானிடமும் சொல்லவில்லை.

நான் என்ன, கொலையா செய்துவிட்டேன்? நீ சொல்லிக் கேட்கிற ஆளாக இருந்தால் நேரே சொல்லியிருப்பேன். தாலி இழந்தவள் கையால் தாரை வார்த்தால் அது பிள்ளைக்குக் கூடாது. ஐயருக்கு என்ன, அவர் தட்சிணை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாளைக்கு அந்தப் பெடியனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் ஊர் உன் கையைத்தான் சொல்லும். உன் மனுசன் போனபோது சனம் உன்னை என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும், உன் காதுக்கு வராமல் மறித்தவள் நான். ஆரணியின் வாழ்க்கையிலும் அது ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பயந்தேன். அன்றைக்கும் அதை நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

இரண்டு பேரிடமும் வேறு வேறாகச் சொன்னது சண்டை வராமல் இருக்கத்தான். ஓம், எனக்கும் ஆசை இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்கிற கொடுப்பினை எனக்கு இந்தச் சென்மத்தில் இல்லை. ஆரணி உன் மகள் என்றாலும் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நீ இரவு வேலைக்குப் போன காலத்தில் அவள் யாருடைய மடியில் படுத்தாள்?

என்னைத் திட்டு. கோயிலில் வைத்துத் திட்டு. றஜிந்தனின் கலியாணத்தில் மட்டும் கை வைக்காதே. ஆரணியை அனுப்பு.

அக்கா


சூர், ஓமான்
16 நவம்பர் 2024

சிவாஜினிக்கு,

மலை இறங்கிக் கடலுக்கு வந்துவிட்டோம். சூர் என்கிற ஊர். மரக்கலம் கட்டுகிற பட்டறை ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்தோம். கடற்கரை முழுக்க நடந்தேன், ஒரு பக்கம் ஆரணி, மற்றப் பக்கம் வினோஜன். அவனுடைய அம்மா நேற்று மொன்றியலிலிருந்து போன் எடுத்து என்னோடு நெடுநேரம் கதைத்தா. அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் காரிலேயே வைத்து வாடவிட்டாவாம்.

நீ ஆரணியைக் கேட்கிறாய். அனுப்புகிறேன். நானும் வருகிறேன். ஆனால் கலியாணத்தன்று காலை உன் வீட்டில் றஜிந்தனுக்குப் பாலறுகு வைக்கும்போது, பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவன் தலையில் முதலில் வைப்பது நான். தாய் தகப்பனுக்கு முதல். சுமங்கலிகள் எல்லாம் வரிசையில் நிற்க, அவர்களுக்கு முதல். கிண்ணத்தை என் கையில் நீதான் தரவேண்டும். "முதல் தாட்சா வைக்கட்டும்" என்று உன் வாயால், எல்லோருக்கும் கேட்கச் சொல்லவேண்டும்.

என் கை ஆகாத கை என்று நீ உண்மையிலேயே நம்பினால் முடியாது என்று சொல்லு. நாங்கள் வரமாட்டோம். ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நான் ஆறுதலாக விளக்கிச் சொல்லுவேன். நம்பவில்லை என்றால், அந்த மணவறைக் கதிரைக்கு ஆசைப்பட்டுத்தான் பொய் சொன்னாய் என்று ஆகும். எது என்று நீயே முடிவு செய்.

சாம்பிராணி வாங்கிவிட்டேன். முதல்தரம்.

தாட்சாயினி


ரொக்ஸ்பரோ
2 பெப்ரவரி 2025

தாட்சா,

நீ ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் தட்டியும் கதவு திறக்காமல் இருக்கிறாய். உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். வேறு எதையும் கேள். அவன் எனக்கு ஒரே பிள்ளை.

ஆரணி அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "சித்தி முதல் வைக்காட்டி எனக்குப் பாலறுகே வேண்டாம்" என்கிறான். அத்தானுக்கும் என்மேல் கோபம். தன்னையும் அந்தப் பொய்யில் இருத்திவிட்டேனாம். இந்த வீட்டில் என் பக்கம் ஒருத்தரும் இல்லை.

வருகிற ஞாயிறு விடிய வா. பாலும் அறுகும் எடுத்து வைக்கிறேன்.

அக்கா


ரொக்ஸ்பரோ
19 பெப்ரவரி 2025

தாட்சா,

நீ கேட்டதெல்லாம் செய்தேன். கிண்ணத்தைத் தந்தேன். சொல்லச் சொன்னதைச் சொன்னேன். சனம் ஒன்றை ஒன்று பார்த்தது. நீ அந்த மாம்பழ மஞ்சள் சீலையில் நின்று, மூன்று தரம் அவன் தலையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அழுதது சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது கேள். றஜிந்தனும் மருமகளும் ஹனிமூனுக்கு ஓமானுக்குத்தான் போயிருக்கிறார்கள். வினோஜன் தன் வண்டியைக் கொடுத்து, நீங்கள் போன அதே பாதையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மலையில் நின்று படம் அனுப்பினான் றஜிந்தன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மருமகளின் போனும் வேலை செய்யவில்லை. மலையில் பெரிய மழை, ஆற்றில் வெள்ளம் வந்து றோட்டை மறித்துவிட்டது என்று செய்தியில் காட்டுகிறார்கள். நீ எழுதிய அந்த ஏற்றமும் பிரேக் விட்ட வண்டிக்கான மண் மேடும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆரணி நான் எடுத்தால் எடுப்பதில்லை. தோழியாக நின்ற அன்றைக்கும் அவள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. வினோஜனும் எடுக்கிறான் இல்லை.

பின்னேரம் பனிக்குள் வந்து உன் கதவைத் தட்டினேன். யன்னலில் வெளிச்சம் இருந்தது. நீ உள்ளே இருந்தாய்.

சாமிப் படத்துக்கு முன்னால் இருக்கிறேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உன் கை பட்டதால்தான் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. உனக்கு ஏதாவது தெரிந்தால் ஒரே ஒரு சொல் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

சிவாஜினி


ரொக்ஸ்பரோ
20 பெப்ரவரி 2025, இரவு

அக்காவுக்கு,

நேற்று நீங்கள் தட்டியபோது கதவுக்கு மற்றப் பக்கத்தில் நின்றேன். திறந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன், அதற்கு எனக்கு மனமில்லை. அவனுக்குப் பாலறுகு வைத்துவிட்டு உங்களைப் பார்த்துத் திரும்பியது வெற்றியைக் காட்டத்தான், ஆனால் உள்ளுக்குள், ஐயோ அக்கா சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்துபோனது. என் கையையே எனக்கு நம்பவிடாமல் செய்திருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் இது.

இன்று காலை நான் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது ஆரணி எடுத்தாள். பிள்ளைகள் நிஸ்வாவுக்கு இறங்கிவிட்டார்கள். வெள்ளம் வடியும் மட்டும் மலைக் கிராமத்தில் யாரோ ஒருவருடைய வீட்டில் இருந்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை, போன் இரண்டும் செத்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் பேரீச்சம்பழமும் றொட்டியும் கொடுத்து மகனைப் போலப் பார்த்தாராம். இறங்கி வந்ததும் றஜிந்தன் யாரிடமோ உள்ளூர் போன் வாங்கி ஆரணிக்கு எடுத்து, "அம்மாட்ட உடன சொல்லிவிடு" என்று சொல்லிவிட்டு, மலையாளியின் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டானாம். "அம்மா, நீங்களே பெரியம்மாட்டச் சொல்லிவிடுங்கோ, எனக்கு அவவோட கதைக்க மனமில்லை" என்றாள் ஆரணி. ஓம் என்றேன்.

உங்கள் வீட்டுக்கு நடந்து வரலாம். போனில் உங்களை மறித்திருப்பதை எடுத்துவிட ஒரு விரல் போதும். நான் ரெயில் ஏறி டவுன்டவுன் போனேன். நாள் முழுக்கச் சலாட் வெட்டினேன். வேலையில் ஒருத்தி, "என்ன, இண்டைக்குப் பாட்டெல்லாம் பாடுறாய்?" என்று கேட்டாள். மத்தியானம் அத்தான் எடுத்தார், எடுக்கவில்லை. அவரை நினைக்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு பகல்தான் அக்கா. என் பிள்ளையை நீங்கள் ஒன்றரை வருஷம் வைத்திருந்தீர்கள்.

றஜிந்தன் நித்திரையால் எழும்பியதும் உங்களுக்கு எடுப்பான். போய்ச் சாப்பிடுங்கள்.

தாட்சாயினி